பிடியரிசியும் ஒரு லயத்து வீடும்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்திலும் பிறகு தேவிகுளத்திலுமாகப் பத்தாவது வரை படித்தவள் நான். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறவள். வேதம் படித்தவர்களும் கட்சிப் புத்தகம் படித்தவர்களும் பேச வேண்டிய விஷயத்தில் நான் தலையிடுவதை மன்னிக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பேர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது என் வேலை. கம்பெனி கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் கரண்டியால் சுவரில் தட்டுவாள், நான் கஞ்சி கொண்டுபோவேன். எனக்கு முடியாதபோது நான் தட்டுவேன். அவள் வேதக்காரி. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவளுக்குப் புருஷன் இறந்து வெகுகாலமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை.

அவர்கள் கோயிலில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அது சர்ச்சுக்குப் போய், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழகிவிட்டது. என் பிடியையும் அக்காவின் பானையிலேயே போடுவேன். என் மாமியாருக்கு அது பிடிக்காது.

"எந்தச் சாமிக்கு இந்த அரிசி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ரெண்டு சாமியும் சேந்து தின்னுட்டுப் போகட்டும் மதினி. ஒரே எலைக்குச் சண்டயா போடப் போகுதுக?" என்றாள் அக்கா.

அக்கா வயதாகி வேலையிலிருந்து நின்றாள். வேலை உள்ளவரைதான் வீடு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மகனோ மருமகளோ தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு குடும்பத்தோடு தங்கும். அக்காவுக்கு அப்படிப் பேர் கொடுக்க ஆள் இல்லை. காலி செய்யச் சொல்லி சூப்பர்வைசர் வந்தார். அடுத்த லயத்து யூனியன் அண்ணனும் வந்தார்.

"யக்கா, நீங்க அசையக் கூடாது. உங்கள வச்சுத்தான் கேஸே நடத்தப் போறோம். நீங்க உள்ள இருந்தாத்தான் நாளைக்கு எங்க ஆத்தாமார்களுக்கும் வீடு நிக்கும்."

அக்கா அசையவில்லை. கம்பெனி கரண்டை நிறுத்தியது. யூனியன் வாசலில் கொடி நட்டது. சர்ச்சிலிருந்து ஃபாதர் பிடியரிசிப் பையோடு வரத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபாதரும் அண்ணனும் அக்கா வீட்டில் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். நான் பாலில்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொண்டுபோனேன்.

"பாலக்காட்டுப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற இல்லம் ஒண்ணு இருக்கும்மா. கட்டில் இருக்கு, மருந்து இருக்கு. வண்டி தர்றதாக் கம்பெனியிலயும் சொல்லிட்டாங்க" என்றார் ஃபாதர்.

"தராம இருப்பானா? சத்தமில்லாம வீடு கெடைக்குதுல்ல. கூட ரெண்டு கம்பளியும் தருவான், போட்டோவும் எடுப்பான்" என்றார் அண்ணன். "உங்க தர்மம் நிக்கணும்னா ஏழைக இருந்துக்கிட்டே இருக்கணும். அதான ஃபாதர்?"

"நீங்க சொல்ற நியாயம் வர்ற வரைக்கும் இவங்க இருட்டுலயா உக்காந்திருக்கணும்?"

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, மாசாமாசம் சந்தா வாங்குனியே, ஒழுகுற தகரத்த ஒருநா வந்து பாத்தியா?" பிறகு ஃபாதரின் பையைக் காட்டினாள். "இது நான் போட்ட அரிசியா, இந்தா நிக்கிறாளே, இவ போட்டதா?"

ஃபாதர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"குடுத்துத்தான் ஃபாதர் பழக்கம். வாங்குனா கை கூசுது. எனக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இவ இருக்கணும். அவ்வளவுதான். அத உங்க ரெண்டு பேர்ல யாரு தருவீக?"



எனக்கு அப்போது மண் சரிந்து ரோடு அடைபட்ட மழைக்காலம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஒதுங்கியிருந்தோம். இதே ஃபாதர் விறகு சுமந்தார், இதே அண்ணன் சோறு வடித்தார். அது தர்மமா உரிமையா என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி குடோனிலிருந்துகூட அரிசி வந்தது. ரோடு திறந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மனிதர்கள் அப்படி இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலை சரிந்தால்தான் முடியும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் அக்காவை என் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன்.

"ஒம் மாமியா, ஒம் புருசன், ரெண்டு பொம்பளப் புள்ளைக. நான் எங்கடி படுக்க, அடுப்பு மேலயா?" என்றாள். வேலை நின்றவர்களை வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக்கும் ஆபத்து என்று சூப்பர்வைசர் லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தது அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு மழை மூடிய ஒரு காலையில், வெளிச்சம் இல்லாத அடுப்படியில் அக்கா வழுக்கி விழுந்தாள். நான் அதற்குள் மஸ்டரில் பேர் பதியப் போய்விட்டேன், என் புருஷனும் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். அவள் கைக்கு எட்டிய கரண்டியால் சுவரில் தட்டியிருக்கிறாள். வீட்டில் இருந்த என் மாமியாருக்கு இப்போதெல்லாம் காது கேட்பதில்லை. மத்தியானம் நான் திரும்பியபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள், மெதுவாக.

இல்லத்துக்கே போய்விடுகிறேன் என்று ஃபாதருக்குச் சொல்லியனுப்பச் சொன்னாள். விஷயம் தெரிந்து அண்ணன் ஓடி வந்தார்.

"யக்கா, நாளைக்கு வாசல்ல தர்ணா வச்சிருக்கோம். அது முடியட்டும், பெறகு போங்களேன்."

"நீங்க நடத்துங்கப்பா. வீடு இங்கனதான இருக்கும்" என்றாள்.

கம்பெனி ஜீப் வந்தது. ஃபாதரே அவளைத் தாங்கி ஏற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவருடைய அன்புதான் கம்பெனிக்கு அந்த வீட்டைச் சிரமமில்லாமல் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் அந்த நியாயத்தில் அக்காவுக்கு ஒரு விளக்கு இல்லை. இயேசுசாமி இங்கே வந்தால் கொடியைப் பிடிப்பாரா, ஜீப்பில் ஏற்றிவிடுவாரா? எனக்குத் தெரியவில்லை. அவர் இங்கே வருவார் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

மறுநாள் பூட்டிய வீட்டின் முன்னால் தர்ணா நடந்தது. மழை வந்ததால் சீக்கிரம் கலைந்தார்கள். மத்தியானம் அசாமிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் அந்த வீட்டில் சாமான் இறக்கியது.