தொண்ணூற்றில் வரும் நடுக்கம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. இடது பக்கத்துச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சித்தூருலயே டிரைவர் வச்சுக்கினு போற ஒரே குமாஸ்தா நான்தான்" என்று பெருமை பேசுவார்.

சனி, ஞாயிறுகளில் திருப்பதியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லித் தருகிறேன். காலையில் சித்தூரிலிருந்து கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். அவரும் கூடவே வருவார். பாடம் முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் மசால்வடை சாப்பிடுவார். நல்ல கனத்த உடம்பு. "இன்னொரு வடை துன்னா வண்டி ஒருபக்கமா சாஞ்சுடும்" என்று நான் திட்டாத வாரம் கிடையாது. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

காரியமெல்லாம் முடிந்து, தனியாக டியூஷனுக்குக் கிளம்பிய முதல் சனிக்கிழமைதான் அது ஆரம்பித்தது. பூதலப்பட்டு தாண்டியதும் ரோடு நன்றாக இருக்கும், கால் தானாக அழுத்தும். எண்பதுவரை ஒன்றும் தெரியவில்லை. தொண்ணூற்றை நெருங்கும்போது ஸ்டீயரிங், சீட்டு எல்லாம் சேர்ந்து நடுங்கின. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல இருந்தது. காலை எடுத்தேன், அடங்கியது. மிதித்தேன், மறுபடி வந்தது. அன்று எழுபதிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே சித்தூரில் டயர் கடைக்குப் போனேன். நான்கு சக்கரங்களையும் கழற்றி பேலன்ஸ் பார்த்தார்கள், சின்னச் சின்ன ஈயத்துண்டுகளை ஒட்டினார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள். கடைக்காரரே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "போங்கம்மா, பாத்துடலாம்" என்றார். தொண்ணூறு போனேன். நூறும் தொட்டேன். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. சரி, தீர்ந்தது தொல்லை என்று சந்தோஷமாக அவரைக் கடையில் இறக்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே நடுக்கம்! வந்ததே எனக்குக் கோபம். ஈயத்துண்டை ஒட்டி ஊரை ஏமாற்றுகிறான் என்று அந்த மனுஷனை வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். நல்ல வேலைக்காரர் என்று பெயர். அவர் தானே ஓட்டிப் பார்த்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏமீ லேதும்மா" என்றார். ஒன்றுமே இல்லையாம். டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். போனில் சொன்னதும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை ஓட்டினார், நான் முன்னால், அவள் பின்னால். காசிபெண்ட்லாவரை போய்த் திரும்பினோம். டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தால்கூடச் சிந்தியிருக்காது. "ஒண்ணும் தெரியலையே அத்தை" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாக. மகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, என் பெண் இல்லையா!

"அம்மா, வண்டி நடுங்கல. நீதான் நடுங்குற" என்றாள். "அப்பா போனதுல இருந்து நீ நீயா இல்ல. ஹைவேல தனியா போய்க்கினு இருக்க, பயம், அதான். தீபாவளி வரைக்கும் பாப்போம். அப்புறம் வண்டிய வித்துட்டு எங்ககூட வந்துடு. அங்க ஒரு டாக்டரையும் பாக்கலாம்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வண்டி போனால் டியூஷன் போகும். டியூஷன் போனால் நான் சித்தூரில் இருக்க என்ன முகாந்திரம்? பெங்களூர் பால்கனியில் துணி காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. இல்லாத நடுக்கத்தை இருப்பதாக நினைக்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டால், அதற்குப் பிறகு என் புத்தியில் நான் எதை நம்புவது? பல நாள் சமையல்கூடச் செய்யாமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டியூஷனில் பிசிக்ஸ் எடுக்கிற டீச்சர் ஒருநாள் சந்திரகிரிவரை லிஃப்ட் கேட்டார்கள். பேசிக்கொண்டே போனதில் வேகத்தைக் கவனிக்கவில்லை, பார்த்தால் முள் தொண்ணூற்றைந்தில் நிற்கிறது. வண்டி ஆடவே இல்லை. அவர்கள் இறங்கிக் கையசைத்தார்கள். நான் மறுபடி ஹைவேயில் ஏறித் தொண்ணூற்றைத் தொட்டேன். வந்துவிட்டது நடுக்கம்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் காலியான பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்து அவர்தான் உலுக்குகிறாரோ என்று தோன்றியது. "வடை வேணும்னா கேளுங்க, எதுக்கு இப்டி வண்டியப் போட்டு ஆட்றீங்க" என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகு ஓரமாக நிறுத்தி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்கு டீச்சர் மாதிரி யோசித்தேன். டயர் கடைக்காரர் ஏறினார், இல்லை. மெக்கானிக் ஏறினார், இல்லை. மாப்பிள்ளை, மகள், பிசிக்ஸ் டீச்சர், எல்லோரும் ஏறினார்கள், இல்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் அது வருவதில்லை. நான் தனியாக இருந்தால் மட்டும்தான் வருகிறது. இதை மகளிடம் சொன்னால் அன்றைக்கே டாக்டர்தான்.

அடுத்த வாரம் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கினேன். தனி ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். "ஊர்ல விசேஷம்" என்றேன். ஒரு மூட்டையைப் பக்கத்துச் சீட்டில் வைக்கச் சொன்னேன். பெல்ட் போடவில்லை என்று வண்டி கீச்சு கீச்சென்று கத்தியதால் மூட்டைக்கு பெல்ட்டும் மாட்டினேன். ஹைவேயில் ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாவது மூட்டையையும் முன்னாலேயே, சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் வைத்தேன். சுத்தமாக இல்லை. இரண்டையும் இறக்கிப் பின்சீட்டில் போட்டேன். திரும்ப வந்தது. அரிசி மூட்டைக்கு மனப்பிரமை வராது என்பது எனக்கு அப்போது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா!

மூட்டைகளோடு திருப்பதி மெக்கானிக்கிடம் போனேன். "தம்பி, நீங்க தனியா ஓட்டிப் பாருங்க. நான் கீழ இறங்கிக்கிறேன். உங்க ஆளும் வேணாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஓனர் இல்லாம வண்டிய ரோட்டுக்கு எடுக்கறது நம்ம பழக்கம் இல்லம்மா. நான் ஓட்டணும், ஓனரு பக்கத்துல உக்காரணும். நாளைக்குக் கீறல் உழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாருமே வண்டியைத் தனியாக விடுவதில்லை. புது வண்டி எடுக்கப் போனால் நான்கு பேர், பஞ்சர் ஒட்டப் போனால் இரண்டு பேர். சக்கரம் ஆடுகிறதா என்று பார்க்கக்கூட ஒருவர் ஓட்டவும் ஒருவர் காது கொடுக்கவும் போவார்கள். அப்படிப் போகிறவரை இந்தக் கோளாறு யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. நான் கெஞ்சவெல்லாம் இல்லை, சண்டையே போட்டேன். "கீறல் உழுந்தா நான் பாத்துக்கறேன். என்னை எல்லாரும் பைத்தியம்னு சொல்லிக்கினு இருக்காங்க. ஒரே ஒருவாட்டி தனியா போய்ட்டு வாங்க" என்றேன். சாவியை நீட்டினேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

ரோட்டோரம், இறக்கிவைத்த இரண்டு அரிசி மூட்டைகளுடன் நின்றேன். ஆட்டோவில் போன ஒரு அம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி, கிலோ என்ன விலை என்று தெலுங்கில் கேட்டாள். விற்பதற்கில்லை என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு பெங்களூர் பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

வண்டி வந்து நின்றது. அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"நெசந்தாம்மா. நடுங்குது. வெரலு வரைக்கும் வருது."

அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. இத்தனை நாளாக ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் இருக்கிற இடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். மெக்கானிக் பயந்துபோய், "அழுவாதீங்கம்மா, பெரிய செலவு வராது" என்றார்.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்ததில் டயரில் ஒன்றுமே இல்லை. இன்ஜினிலிருந்து இடது சக்கரத்தைச் சுற்றவைக்கிற கம்பி, அது இன்ஜின் பக்கம் சேருகிற மூட்டில் தேய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் அமுங்குமாம், கம்பி நேராக நிற்குமாம், தேய்மானம் தெரியாதாம். ஆள் இல்லாவிட்டால் வண்டி மேலே எழும்பிக் கம்பி சாய்ந்துகொள்ளும், வேகத்தில் மிதித்தால் உதறும்.

"இது இப்பத் தேஞ்சது இல்லம்மா" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "மூணு நாலு வருசமாவே இப்டித்தான் ஓடிக்கினு இருந்திருக்கும். இதுவரைக்கும் பக்கத்துல எப்பவும் யாரோ உக்காந்துக்கினு வந்திருக்காங்க, அதான் தெரில."

வடை வடையாகத் தின்று ஏற்றிய அந்தக் கனத்தைச் சொல்லி எத்தனை வருஷம் ஏசியிருப்பேன்!

புது மூட்டு மாட்டி முடிந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். மெக்கானிக்கையே பேசவைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அப்புறம், "சாரிம்மா. வண்டிய விக்க வேணாம். ஆனா வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு" என்றாள்.

அரிசி மூட்டைகளை டிக்கியில் போட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். சந்திரகிரி தாண்டி ரோடு காலியாக இருந்தது. எண்பது. தொண்ணூறு. நூறு. ஒரு நடுக்கமும் இல்லை.

"பாத்தீங்களா, வண்டிதான் நடுங்குச்சுன்னு நான் சொன்னேன் இல்ல?" என்று இடது பக்கம் திரும்பினேன்.

வண்டிக்கு இனிமேல் அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. வேகத்தைக் குறைத்து, எழுபதிலேயே சித்தூர் வந்து சேர்ந்தேன்.