இலை ஆக்கும் சோறு

எங்கள் தெரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் கிடையாது. பட்டு நூலால் காதில் மாட்டியிருப்பார். கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

பிள்ளைகளின் மார்க் ஏற வேண்டும் என்று பெற்றோரைக் கூட்டினார். “எழுதப் படிக்கத் தெரியாதவங்க முன்னாடி வாங்க!” என்றார். பேத்திக்காக வந்திருந்த நான் பெருமையாகப் போனேன். பிள்ளைகள் வீட்டில் எங்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமாம். அவர் எங்களைக் கேட்பாராம். நாங்கள் சரியாகச் சொன்னால் பிள்ளை பாஸ்.

என் பேத்தி அறிவியலில் பெயில். நான் நூல் சுற்றச் சுற்ற, தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திச் சொல்லித்தந்தாள். திங்கட்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

“ஆயா, இலை இன்னா பண்ணுது?”

“வெயில வச்சிகினு சோறு ஆக்குது சார்.”

“தண்ணிக்கு?”

“வேர் மொண்டாந்து குடுக்குது. இலை எங்கியும் போவாது, மகாராணி!”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேத்தி என் கையைக் கிள்ளினாள்.

“சார், தூங்கிட்டீங்களா?” என்றேன்.

“பேத்தி பாஸ்,” என்றார்.

அவள் குதித்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. “அப்ப நானு?”

“உங்களுக்கு அடுத்த வாரம் எலும்பு பாடம் இருக்குதுங்க.”

அந்த மனிதர் யாருக்குப் பாடம் நடத்துகிறார் என்று இன்றும் விளங்கவில்லை. ஜல்தியாகப் படித்துச் சொல்லடி என்று பேத்தியைத்தான் பேஜார் பண்ணுகிறேன்.