செல்வதாஸ் டென்னிஸ் ஆடவில்லை

தம்பியை வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் செல்வதாஸின் அண்ணன் அன்று எம்.ஆர்.ஐ. அறைக்கு வந்தார். நான் அங்கே அட்டெண்டர். நோயாளியை வார்டிலிருந்து தள்ளிவந்து, உடம்பில் தாயத்து, அரைஞாண், சாவி எதுவும் இல்லாமல் பார்த்து மேஜையில் படுக்கவைப்பது என் வேலை. கூச்ச சுபாவத்துக்கு ஏற்ற வேலை. மெஷின் போடும் சத்தத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

செல்வதாஸ் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழையில் பைக் சறுக்கித் தலையில் அடி. பல மாதமாகக் கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்பாது. அண்ணன் ஞானதாஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "இது வெறும் கூடாக்கும். டியூப்ப எடுத்துட்டு வீட்டுல கெடத்துவோம்" என்பார். டியூப்பை எடுத்தால் சாப்பாடு போகாது, பிறகு குழிதான். அடிபட்ட பைக்கைச் சரிபண்ணி அவரே ஓட்டிக்கொண்டுமிருந்தார்.

"ஆளு உள்ள இருக்காரு" என்று சொன்னது மனைவி கனகம் மட்டும்.

எங்கள் டாக்டர் சென்னைக்காரர். "ஒரு வேலை செய்யறதா நினைக்கச் சொல்லுவேன். நினைச்சா, கையை அசைக்கிற மூளைப் பகுதி ஸ்கிரீன்ல கலரா வரும். வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லை. வந்தா கண்டிப்பா இருக்கார்" என்றார். மைக்கில், "செல்வதாஸ், டென்னிஸ் ஆடுறதா நினைச்சுக்கோங்க. கையை வீசி அடிங்க!" என்றார்.

ஸ்கிரீனில் வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு மூளை. கலர் இல்லை.

"யாரு, இவரா? டென்னிஸா?" கனகத்துக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "பந்து வீட்டுக்குள்ள வந்தா கத்தியால கீறிப் போடுவாரு, டாக்டரே. பால் வெட்டச் சொல்லுங்க."

டாக்டர் தலையில் தட்டிக்கொண்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. 'வெட்டுங்க', 'நிறுத்துங்க', அவ்வளவுதான். நடுவுல பேசினா உங்க குரலுக்கே மூளை திரும்பிடும்."

மைக் பட்டன்

"கேட்டியளா, நானாக்கும். கத்திய எடுத்து மரத்துல பட்டைய வெட்டுங்க" என்றார் கனகம். சரியாகத்தான் இருந்தது. "நிறுத்துங்க" என்ற பிறகுதான் அவர் நிறுத்தவில்லை. "உங்க அண்ணன் பைக்கக் கொண்டு போயாச்சு. மூத்தவளுக்குப் பரீச்ச. நீங்க இஞ்ச சொகமா கெடக்கிய..."

"எல்லாம் குழம்பிடுச்சு. அண்ணே, பட்டனை நீங்க பிடிங்க. ஒரு சொல் சொன்னதும் விட்டுடுங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் சொல்லக் கூசி அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிற ஆள் நான். அந்நியப் பெண்ணின் வாயை அடைக்கிற வேலை எனக்கு.

அழுத்தினேன். "வெட்டுங்க." விட்டேன். கனகம் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தார், குரல் உள்ளே போகவில்லை. அழுத்தினேன். "நிறுத்துங்க." இப்படியே மாற்றி மாற்றி.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடித்ததும் முட்டைக்கோஸின் உச்சியில் ஆரஞ்சுக் கலர். வெட்டச் சொன்னபோதெல்லாம் வந்திருந்தது. நிறுத்தச் சொன்னபோதெல்லாம் அணைந்திருந்தது.

"கேக்குறார், புரியுது" என்றார் டாக்டர். "எழுந்து வருவாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா உள்ள இருக்கார்."

பேட்டரி

கனகம் அழவில்லை. ஞானதாஸைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியளா அத்தான்? கால்மாட்டுல நின்னு நீங்க பேசினதெல்லாம் அவரு கேட்டுட்டுல்லா கெடந்திருக்காரு!"

ஞானதாஸ் ஆம்புலன்ஸ்காரருக்கு போன் போட்டு வேண்டாமென்றார். தம்பியை வார்டுக்குக் கொண்டுபோனதும் காதருகே குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "லேய் மக்கா, பேட்டரி எறங்காம இருக்கத்தான் பைக்க ஓட்டினேன்!" சாவியைக் கனகத்தின் கையில் கொடுத்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டிலில் கிடப்பவர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தே பேசுங்கள்.

எனக்குத்தான் நஷ்டம். யாரிடமும் வாய் திறக்காத நான் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மட்டும் தாராளமாகப் பேசுவேன். அன்றிலிருந்து அவர்களிடமும் கூச்சம் வந்துவிட்டது. இப்போது என் பெயரைச் சொல்லி, "தலையத் தூக்குகேன்" என்பதோடு சரி.

செல்வதாஸிடம் பெயர்கூடச் சொல்வதில்லை. என் மூட்டுவலி முதல் மச்சினன் சண்டைவரை அவருக்கு எல்லாம் தெரியும்.