அறை நிறைய டின் கேட்டேன்

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வேதம் வாசித்தேன். வெந்நீர் வைத்தேன். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாட்குறிப்பைத் திறந்து "மழை" என்று எழுதினேன். முந்தின நாள் பக்கத்திலும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. குடையை எடுத்துக்கொண்டு சபை மண்டபத்துக்கு நடந்தேன்.

என்னோடு சேர்ந்து விசுவாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டவரும் அன்றைக்குச் சிரித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியின் நூலகர். எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். நான் டீச்சர் இல்லை என்று திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். எங்கள் சபையில் ஒரு பகிர்வு அலமாரி இருக்கிறது. இருப்பவர்கள் உணவுப் பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு. டின்களை ஆங்கில அகர வரிசையில் அடுக்கி, காலாவதித் தேதி தெரியும்படி திருப்பி வைத்திருப்பேன். பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் காய்கறி லாரிகள் நின்றுபோயின. வட்டக்கானலுக்குக் கீழே ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கிருந்த குடும்பங்கள் எங்கள் மண்டபத்துக்கு வந்தன. அரிசி இருந்தது. பருப்பு தீர்ந்துவிட்டது. காய் ஒன்றுகூட இல்லை. கடைகளிலும் இல்லை. இரண்டு நாளாக வெறும் சோறும் புளித்தண்ணீர் ரசமும்தான்.

மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். லயத்திலிருந்து வந்த ஜெசிந்தாவைப் பார்க்கத்தான் முடியவில்லை. பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ரசச் சோற்றில் அந்த உடம்புக்கு என்ன சேரும்? பால் போதவில்லை. பெண் குழந்தை. கொஞ்ச நேரம் அழும், அழக்கூடத் தெம்பில்லாமல் நிறுத்திக்கொள்ளும். நிறுத்தும்போதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மண்டபத்தில் சமையல் ஜெசிந்தாவின் மாமியார் பிலோமினா அக்காவின் கையில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். குரல் பெரியது. அன்று நான் உள்ளே நுழையும்போது அலமாரியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், ஒங்க அலமாரிய நல்லாப் பார்த்துட்டேன். பார்க்கறதுக்கு ரொம்ப அழகா இருக்கு. திங்கறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

"அக்கா, எல்லாமே நல்ல கம்பெனி."

"கம்பெனியப் போட்டுக் கொழம்பு வைக்கவா?"

அவர் சொன்னதில் தவறில்லை. சீசனுக்கு வந்து தங்கும் பங்களாக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது, தங்களுக்கே வேண்டாமென்று மிஞ்சியதைத்தான் எங்களிடம் வைத்துவிட்டுப் போவார்கள். ஆலிவ் காய் டின் வரிசையாக இருந்தது. கேக் மேல் வைக்கும் செர்ரிப் பழம் இருந்தது. அதை யார் எடுப்பார்கள்? முந்தின நாள் போதகர் ஐயா, நாவல்பழம் என்று நினைத்து ஒரு கறுப்பு ஆலிவை வாயில் போட்டுக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஆமென் சொல்ல ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. மொட்டு மாதிரி ஏதோ ஒரு காய் உப்புத் தண்ணீரில் மிதக்கும் டின் ஒன்றும் இருந்தது. அது வாழைப்பூதான் என்று பிலோமினா அக்கா அடித்துச் சொல்லி வடை தட்டினார். அந்த வடையை யாருமே சாப்பிடவில்லை. தட்டியவரும் சாப்பிடவில்லை.

"பச்ச உடம்புக்காரி டீச்சர்," என்று அக்கா குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பால் ஊற மாட்டேங்குது. ஒரே ஒரு சமன் டின் கெடைச்சாப் போதும். ஒடைச்சுக் கொழம்பு வச்சுக் குடுத்துருவேன். எங்கயாச்சும் கேட்டுப் பாருங்க டீச்சர். வெரசாப் பாருங்க."

சமன் டின். தோட்டத்துப் பேச்சில் நெடிலைக் குறிலாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாமான் டின். அதாவது, டின்னில் அடைத்த மளிகைச் சாமான். பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

ஆலயத்துக்குள் போய் முழங்காலில் நின்றேன். எனக்கு ஜெபத்திலும் ஒழுங்கு வேண்டும். "ஆண்டவரே, இந்த மண்டபத்து முன் அறை நிறைய டின் தாரும். இன்று மாலைக்குள் தாரும்" என்று தெளிவாகக் கேட்டேன். பிறகு சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "சாமான் டின் அவசரமாகத் தேவை. எத்தனை இருந்தாலும் நலம். பெரிய டின்னாக இருந்தால் மிக நலம். தெரிந்தவர்களுக்கும் சொல்லவும்." எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். இல்லை.

மதியத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொட்டுகிற மழையில், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் வந்தவர் பாடகர் குழுவில் பாடும் அம்மா. பெரிய பால்பவுடர் டின்னை என் கையில் வைத்தார்.

"மூடி கொஞ்சம் லூசு டீச்சர். பரவால்லையா?"

டின் காற்றுப்போல இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். திறந்து பார்த்தேன். நன்றாகக் கழுவி, துடைத்து, காயவைத்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் கொண்டுவந்திருந்தார்.

அடுத்து பிஸ்கட் டின். அடுத்து முறுக்கு டின். கல்யாணச் சீராக வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு ஒன்று. "அரிசி நமத்துப்போகுதுன்னு, போட்டு வைக்கத்தான டின் கேட்டீங்க? எங்க வீட்லயும் இதே தொல்லைதான்" என்றார் ஒருவர். ஒரு டின்னில் மட்டும் ஏதோ குலுங்கியது. ஆவலோடு திறந்தேன். எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள். அடுத்தவர் வைக்க இடமில்லாமல் போகும்வரை வந்தார்கள். முன் அறை நிறைந்துவிட்டது. மாலை ஆவதற்குள்ளேயே நிறைந்துவிட்டது. நான் கேட்டது எதுவோ அதையே ஆண்டவர் கொடுத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து பிலோமினா அக்கா வந்தார். அறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னா டீச்சர் இது? பாத்திரக் கடை வைக்கப் போறீங்களா?"

"நீங்கதானே அக்கா சாமான் டின் வேணும்னீங்க!"

"சாமானா? நான் எப்பச் சாமான்னேன்? சமன் டீச்சர், சமன்! மீனு! தோட்டத்துல டின்னு மீனச் சமன்னுதான் சொல்லுவோம். கழுவிக் கவுத்து வச்ச டப்பாவத் தட்டிக் காட்டுனா எம் மருமகளுக்குப் பால் ஊறுமா?"

சால்மன். இங்கிலீஷ்காரன் தோட்டத்தில் சால்மன் சமனாகி, பிறகு டின்னில் வரும் மீன் எல்லாமே சமனாகிவிட்டது. நான் அந்தச் சொல்லைத் திருத்திச் சாமானாக்கிவிட்டேன். எங்கள் சபையில் யாரும் இதை என்னை மறக்கவிடப் போவதில்லை.

அந்த நேரம் பார்த்து, அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்த போதகர் ஐயா, "அம்மா! இங்க மீன் படம் போட்ட டின் ஒண்ணு இருக்கும்மா!" என்று கத்தினார். ஓடினோம். மீன் படம் இருந்தது. பக்கத்தில் அதைவிடப் பெரிதாக ஒரு பூனை இருந்தது. சின்ன எழுத்தையும் படிக்கிற பழக்கம் எனக்கு. "வளர்ந்த பூனைகளுக்கு ஏற்றது" என்று போட்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே குழந்தை அழ ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தியது.

அந்த டின்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது தடவை ஜெபித்தேன். ஒழுங்கு ஒன்றும் இல்லை. என்ன சொல் போடுவது என்று தேடவும் இல்லை. "ஜெசிந்தாவைப் பாரும்" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அதற்கு மேல் அழுகைதான்.

வெளியே யாரோ செருமினார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகப் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய சதுரத் தகர டின். பழனிக்காரர், பெயர் வேலுச்சாமி. வட்டக்கானல் பாதையில் ஒரு பங்களாவில் காவலாக இருக்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். என் செய்தி எங்கெங்கோ சுற்றி அவருக்கும் போயிருக்கிறது.

"சாமான் டின்னு கேட்டீகளாம்ல? மொதலாளி பங்களாவ விக்கிறாங்க. அடுப்படியில கெடக்கறத யாருக்காச்சும் குடுத்துரு வேலுன்னு போன்ல சொல்லிட்டாங்க. டின்னு இது ஒண்ணுதாங்க. காலி பண்ண நேரமில்ல, அப்படியே தூக்கியாந்துட்டேன். உள்ள இருக்கறது வேணாம்னா கொட்டிருங்க."

இறக்கி வைத்தபோது தரை அதிர்ந்தது. உள்ளே எல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தித்தாளில் சுற்றிய சின்ன டின்கள். பிலோமினா அக்கா ஒன்றை எடுத்துத் தாளைக் கிழித்தார். கொண்டைக்கடலை. இன்னொன்று, பட்டாணி. இன்னொன்று, இனிப்புப் பால். அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கிழித்தவர் போட்ட சத்தத்தில் மண்டபமே எழுந்து வந்துவிட்டது.

"சமன்! டீச்சர், சமன்! சாமி சமன் கொண்டாந்திருக்காருங்க!"

"அதென்னங்க சமன்?" என்றார் வேலுச்சாமி, பெருமையாக.

"மீனு சாமி, மீனு!"

வேலுச்சாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மீனா? தலையிலயா சொமந்தேன்? இருமுடி ஏறப்போற தலைங்க இது!"

"மூடுன டின்னு சாமி. வாசம்கூட வெளிய வராது."

"ஒங்களுக்கு வராதுங்க. ஐயப்பனுக்கு வருமே!"

போதகர் ஐயா தன் வீட்டிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, துண்டோடு பக்கத்திலேயே நின்றார். வேலுச்சாமி மண்டபத்தின் பின்னால் சரணம் சொல்லிக் குளித்தார். நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவரிடம் ஜெசிந்தாவின் நிலைமையைச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மீன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேங்க," என்றார். "பச்சப்புள்ளைக்குன்னா சரி. ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரு. எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

யோசித்துப் பாருங்கள். அக்கா சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டு "மீன் டின் தேவை" என்று எழுதியிருந்தால், அந்த மனிதர் அந்த டின்னை நம்மிடம் கொண்டுவந்திருக்கவே மாட்டார். ஊரில் வேறு யாரிடமும் மீன் டின் இல்லை, பிறகு விசாரித்துப் பார்த்துவிட்டேன். என் வாயிலிருந்து போனது தப்பான சொல். ஆண்டவரோ அதற்குப் பின்னால் இருந்த பசியைக் கேட்டார்.

ஒவ்வொரு டின்னின் தேதியையும் பார்த்தேன். எல்லாம் நல்ல தேதி. ஆனால் இழுத்துத் திறக்கும் வளையம் ஒன்றிலும் இல்லை, மண்டபத்தில் டின் திறப்பானும் இல்லை. அக்கா அரிவாள் நுனியை வைத்து அம்மிக் குழவியால் தட்டித் திறந்தார். போதகர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு டின்னைப் பிடித்தார். ஜெபித்தாரா, பயந்தாரா, தெரியாது. கொஞ்ச நேரத்தில் புளியும் வரமிளகாயும் மீனும் சேர்ந்து கொதிக்கிற வாசனை வந்தது. ஜெசிந்தா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மற்றவர்களுக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு. குழந்தையின் பெயரைச் சொல்லி இனிப்புப் பாலில் எல்லோருக்கும் ஒரு வாய் தேத்தண்ணி.

அந்த நாளுக்குப் பிறகு நான் அலமாரியை நடத்துகிற விதம் மாறிவிட்டது. கொடுக்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "இதை இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவீர்களா?" ஆமென்றால் வாங்கிக்கொள்வேன். மீன், கடலை, பட்டாணி, பால் இருந்தால் போதும். கையால் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. மிஞ்சியதை அல்ல, பசித்தவனுக்கு வேண்டியதைக் கொடுங்கள். வாங்குகிறவர்களிடமும் கேட்கிறேன். அவர்கள் சொல்கிற சொல் எனக்குப் புரியாவிட்டால், "அப்படீன்னா என்ன?" என்று கேட்டுவிடுகிறேன். இந்த வயதில் அது எனக்குப் பெரிய மாற்றம்.

ஜெபம் செய்யத் தெரியவில்லையே, சரியான வார்த்தை வரவில்லையே என்று தயங்குகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். தயங்காதீர்கள். தப்பாகவே கேளுங்கள். என் ஆண்டவருக்கு எழுத்துப் பிழை ஒரு பொருட்டே இல்லை. அவரை நம்பி ஒருதரம் வாயைத் திறந்து பாருங்கள்.

மறுநாள், புதன்கிழமை. வெள்ளனே மண்டபத்துக்குப் போனேன். தினமும் முதல் வேலையாகப் பாட்டுப் பாடி ஜெபிப்போம். போதகர் ஐயா பாட்டை எடுக்க வாயைத் திறந்தார். பிலோமினா அக்கா விரலை உதட்டில் வைத்து, "உஸ்ஸ்... குடிக்குது" என்றார். ஜெசிந்தா சுவரோரம் முக்காட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. அன்றைக்கு நாங்கள் பாடவில்லை. எல்லோரும் நின்று அதைக் கேட்டோம்.