வலப்பக்கத்துப் பொத்தான்

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் மகன் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையளவு விளையாட்டுக் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறான். நாற்பதைத் தாண்டிய பிள்ளை. வங்கியில் பெரிய வேலை. முடி கொட்டிவிட்டது, விளையாட்டுப் புத்தி மட்டும் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடுவானே, குழி தாண்டி, பாறைக்குப் பாறை குதித்து ஓடுகிற ஒரு குட்டிப் பயல், அவனையே இதில் உருண்டையாகச் சுருட்டிப் பந்தாக்கியிருந்தார்கள். கீழேயிருந்து இரண்டு துடுப்புகள் அவனை மாறி மாறி மேலே அடித்தன.

"என்னடா இது, இந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதே சீரிஸ்தான்மா, அத வெச்சுப் பின்பால் மாதிரி ஒண்ணு விட்டிருக்கான். ரெட்ரோ லா. சவுண்ட கேளுங்க, பழைய மெஷின் மாதிரியே இருக்கு."

கேட்டேன். டிங், டிங், டிடிங். உடனே எனக்கு மெழுகுவர்த்தி வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். பின்பால் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குக் காபிக்கடையும் சிகரெட் புகையும் நினைவுக்கு வரலாம். எனக்கு மெழுகுவர்த்தியும் செபமாலையும்தான் வரும். அதற்கு எங்கள் அப்பாதான் காரணம்.

எழுபதுகளின் கடைசி. தஞ்சோங் பகாரில் ஓர் அடுக்குமாடி பிளாக்கில் ஏழாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் கோயில் வேலைதான். எங்கள் பங்குக் கோயிலில் வருடா வருடம் ஃபன் ஃபேர் நடக்கும். பலகாரக் கடை, பழைய துணிக் கடை, கூப்பன் கிழித்து விளையாடும் கடை. விளையாட்டுக் கடை அப்பா பொறுப்பு. வளையம் எறிவதும் தகர டப்பாவை அடிப்பதும் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று சொல்லி, அந்த வருடம் அவர் ஒரு பின்பால் மெஷினைக் கடன் வாங்கி வந்தார். கொடுத்தவர் கீழே காபிக்கடை வைத்திருந்த ஆ செங் அங்கிள். கோயில் ஹாலில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் மெஷின் நேராக எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கால லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் பிளாக்கில் ஐந்தில் நிற்கும், அப்புறம் ஒன்பதில் நிற்கும். அதனால் ஒன்பதாவது மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து படியில் இறக்கினார்கள். சுமந்தவர்கள் அத்தனை பேரும் பங்கு இளைஞர்கள். வழியெல்லாம் அவர்கள் வாயில் வந்த வார்த்தைகளைக் கேட்டிருந்தால் ஃபாதர் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பாவசங்கீர்த்தனம் வைத்திருப்பார். இறக்கி வைத்துவிட்டு, "அங்கிள், ஃபன் ஃபேர் அன்னிக்கு வர்றோம். அதுக்கு முன்னாடி கூப்பிடாதீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

சாய்வான கண்ணாடி மேசை, அதற்குள் ஒரு இரும்புப் பந்து. முன்பக்கம் வலது மூலையில் இருக்கும் குமிழை இழுத்து விட்டால் பந்து மேலே பாயும். அது மணிகளில் இடித்து இடித்துக் கீழே உருண்டு வரும்போது, இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை அமுக்கித் துடுப்பால் திருப்பி அடிக்க வேண்டும். பின்னால் நிமிர்ந்து நிற்கும் பலகையில் நீச்சலுடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் புலிமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அன்றைக்கே ஒரு பாத்திக் கைலியை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்பா "டெஸ்ட் பண்றேன்" என்று சொல்லி ஆடினார். வேலைவிட்டு வந்ததும் நானும் டெஸ்ட் பண்ணினேன். கப்பல் கம்பெனி ஒன்றில் அப்போது நான் டெலிபோன் ஆபரேட்டர். வலது கை சுறுசுறுப்பாகப் பழகிக்கொண்டது. இடது கைக்கு மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் புத்தி வரும். பந்து இடது பக்கமாகவே கீழே போய்த் தொலையும்.

அந்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் நான் உயரம் என்றார்கள். அடுத்து வந்தவர்கள் நான் அதிகம் பேசுகிறேன் என்றார்கள். டெலிபோன் ஆபரேட்டர் பேசாமல் வேறென்ன செய்வாள்? மூன்றாவதாக வந்தது ஸ்டீபன் இடம். வேறு பங்கில் கொயர் பாடுகிறவர். ஒரு கல்யாணப் பூசையில் அவரைப் பார்த்திருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பி, தப்பான வரியைத் தனியாக உரக்கப் பாடிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்த இடம் அமைந்துவிட வேண்டும் மாதாவே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

சிக்கல் அவருடைய அம்மாதான். ரோஸ்லின் ஆன்ட்டி பெயரைச் சொன்னால் அவர்கள் பங்கில் ஃபாதரே பிரசங்கத்தைச் சுருக்குவார் என்று கேள்வி. சீட்டுக்கட்டு, குதிரைப் பந்தயம், காசு போட்டு மெஷினில் ஆடும் கேம்ஸ் கடை எல்லாமே அவருக்குச் சாத்தானின் டிபார்ட்மென்ட். முன்பு பார்க்கப் போன ஒரு பெண்ணின் அப்பா சட்டைப் பையில் குதிரைப் பந்தயப் பக்கம் மடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனவர். நல்லவேளை, ஃபன் ஃபேர் முடிந்து மறு வாரம்தான் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தரகு பார்த்த சூசையம்மா சித்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். "தேக்காவுல புடவை எடுக்க வந்தாங்களாம். இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே பொண்ணையும் பாத்துட்டுப் போறோம்கிறாங்க. டாக்ஸி ஏறிட்டாங்க லா!"

அப்பா அப்போதும் டெஸ்ட் பண்ணிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆட்டத்தின் கடைசி முறைக்குப் பந்து குமிழுக்கு முன்னால் காத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மெஷினைத் தள்ளினார். அது அசையவில்லை. இளைஞர்களைத் தேடினால் ஒருவன்கூட வீட்டில் இல்லை. "எல்லாம் உங்களாலதான்! என் புள்ள வாழ்க்கையில விளையாடிட்டீங்க!" என்று அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே அலமாரியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளை மேசைவிரிப்பை உதறி மெஷின்மேல் போட்டாள். கைலியை அவிழ்த்து, புலிக்காரிக்கு முன்னால் திரு இருதய ஆண்டவர் படத்தைச் சாத்தினாள். கண்ணாடிக்கு மேலே வேளாங்கண்ணி மாதா சொரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் ரோஜா.

அப்பா பிளக்கைப் பிடுங்கப் போனார். "இருங்க, லைட்டு அழகா இருக்கு" என்று அம்மா தடுத்துவிட்டாள். உண்மைதான். உள்ளிருந்து வந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மஞ்சளும் சிவப்புமாக மினுங்கியது. எங்கள் கோயிலில்கூட அப்படி ஒரு பீடம் இல்லை.

ரோஸ்லின் ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். "இவ்வளவு பெரிய பீடமா! வீட்லயா!" கண் கலங்கிவிட்டது. "மொதல்ல ஒரு செபமாலை. அப்புறம்தான் மத்ததெல்லாம்." அப்பா முகத்தில் ரத்தமே இல்லை.

பீடத்துக்கு நேர் எதிரே ஆன்ட்டி முட்டி போட்டார். அவருக்கு வலது பக்கம், குமிழுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் மாமா. நல்ல கனத்த சரீரம். இடது மூலையில் மாப்பிள்ளை. நான் காபித் தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தபோது, பீடத்தின் வலது பக்கத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே மட்டும்தான் இடம் இருந்தது. முட்டி போட்டேன்.

செபமாலையின் ஐந்து பத்தில் இரண்டு பத்து ஒழுங்காகப் போனது. மூன்றாவது பத்தில் மாமாவுக்கு முட்டி வலித்தது. மாற்றி ஊன்ற ஒரு பிடிமானம் தேடி, துணிக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த குமிழைப் பிடித்தார். பிடித்து, இழுத்து, வழுக்கி விட்டார்.

டிங்! டிங்! டிடிங்! கடகடகட!

மாதா சொரூபம் ஆடியது. அம்மா பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பார்க்கிறவர்களுக்குப் பக்தி மாதிரிதான் இருந்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். ஆன்ட்டி மட்டும் நிறுத்தவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு சுதி ஏற்றிச் சொன்னார். பந்து கீழே விழுந்தால் போதும், சத்தம் நின்றுவிடும். சீக்கிரம் விழு சனியனே என்று செபமாலைக்கு நடுவே நான் வேண்டினேன்.

அது விழவில்லை. இடது பக்கமாக உருண்டு வந்த பந்தை யாரோ 'டக்' என்று திருப்பி அடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் முட்டி போட்டிருந்தார். வலது கையில் செபமாலை. இடது கை துணிக்குள் இருந்தது.

கை தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு சத்தியம் செய்தார். எனக்கு அது புரியும், ஏனென்றால் அடுத்த தடவை பந்து என் பக்கம் உருண்டு வந்தபோது என் கையும் தானாகத்தான் போனது. டக். அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். கல்யாணப் பூசையில் பார்த்த அதே சிரிப்பு, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தார். பந்து எங்கள் கண்ணுக்குத் தெரியாது. மரத்தில் உருளும் சத்தத்தை வைத்து அவர் அடிக்க, நான் அடிக்க, மணி அதிர, ஆன்ட்டியின் குரல் அதற்கு மேலே ஏற, அந்தப் பத்தை நாங்கள் முடித்தோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் செபமாலை சொன்னதே இல்லை.

கடைசியில் அவருக்கு ஆசை மிஞ்சிவிட்டது. பந்து நடுவில் இறங்குவதைக் கேட்டு, தோளால் மெஷினை ஓர் இடி இடித்தார். அதிகம் உலுக்கினால் மெஷின் ஆட்டத்தை முடித்துவிடும். விளக்கு பட்டென்று அணைந்தது. பீடம் இருண்டது.

ஆன்ட்டி எழுந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இருதய ஆண்டவர் படத்தை விலக்கிப் பார்த்தார். புலியைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

"கோயில் ஃபன் ஃபேருக்குங்க… ஃபாதர் சொல்லித்தான்…" என்று அப்பா இழுத்தார். ஆன்ட்டி அவரைக் கவனிக்கவே இல்லை.

"ஸ்டீபன். உனக்கு எப்படித் தெரியும், இத எங்க அமுக்கணும்னு?"

"இல்லம்மா… வெள்ளிக்கிழமை… கொயர் பிராக்டிஸ் முடிஞ்சு…"

"கொயர் பிராக்டிஸ் ஒம்பது மணி வரைக்கும்னியே?"

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கம் நீதானே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "ஆமாங்க ஆன்ட்டி." எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு பத்து பாக்கி இருக்கு. எல்லாரும் முட்டி போடுங்க" என்றார் ஆன்ட்டி.

போட்டோம். முடித்தோம். அதற்குள் காபி ஆறிப்போயிருந்தது. ஆன்ட்டி ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இவன வேற எந்த வீட்ல கொண்டு போய் விடறது? போற எடத்துல எல்லாம் மானத்த வாங்குவான். ஒங்க வீடுன்னா பரவால்ல, ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு. தேதி பாருங்க."

ஃபன் ஃபேர் அன்று மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கூப்பன் கிழித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார்தான். மெஷினை உலுக்கியவன் கையிலெல்லாம் ஓர் அடி வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பள நாள் சாயங்காலங்களில் நானும் இவரும் சைனாடவுனில் ஒரு கேம்ஸ் கடைக்குப் போவோம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். இவர் இடது பக்கம், நான் வலது பக்கம். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் போனேன்; வயிறு கண்ணாடியில் இடிக்கும். அந்தப் பிள்ளைதான் இப்போது சோபாவில் உட்கார்ந்து கத்துகிறவன்.

எண்பதுகளில் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஆ செங் அங்கிளின் காபிக்கடை போயிற்று. நாங்கள் இருந்த பிளாக்கை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்கும் கட்டடத்தில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது. மாமியார் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவரும் போய்விட்டார். கடைசிவரைக்கும் வீட்டில் செபமாலை சொல்லும்போது இவருடைய இடது கை மேசை விளிம்பை அமுக்கிக்கொண்டே இருக்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

"நீங்க ஒரு தடவ ஆடுங்கம்மா" என்று மகன் கருவியை என் கையில் கொடுத்தான். ஆடினேன். வலது பக்கம் வந்ததையெல்லாம் அடித்தேன், டக், டக். அந்தக் குட்டிப் பயல் உருண்டு இடது பக்கமாக வந்தான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், விழுந்தான். அடுத்த தடவையும் அப்படியே.

"என்னம்மா நீங்க, லெஃப்ட் பட்டன்ல வெரலே வைக்கலியே!"

"அது அப்பா பக்கம்டா" என்றேன்.