பூட்டிய அறைக்குள் அறிவிப்புப் பலகை

வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் மந்திரி, மருத்துவர் என்று பெரிய ஆளாகத் தேடிப் போகிறார்கள். நான் என் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரைப் பற்றி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு எழுத்து எதற்கு என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிமெண்டு மூட்டை சுமந்த இந்தத் தோள்தான் இன்று மூன்று மாடி இரும்புக்கடையைச் சுமக்கிறது. பட்டம் வாங்கியவர்கள் ஆணி வாங்க வந்தால் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தையல்காரருக்குப் பட்டப்பெயர் அரையங்குலம். அளவெடுத்து முடித்து நாடாவைக் கழுத்தில் போட்ட பிறகு, "எதுக்கும் ஒரு அரையங்குலம் உள்ளே விட்டு வைக்கிறேன், மனுஷன் உடம்பு ஒரே மாதிரியா இருக்கு?" என்பார். ஆறடிக்கு எட்டடி கடை. ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேசை, முக்காலியில் உட்கார்ந்து காஜா எடுக்கும் மனைவி. உயரமானவர்கள் நிமிர்ந்தால் படியின் அடிப்பக்கம் மண்டையில் இடிக்கும். நான் மாடி ஏறும்போதெல்லாம் அவர் தலையில் சுண்ணாம்புத் தூள் உதிரும். பத்தொன்பது வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சி, எங்கள் வாலிபால் மன்றத்தின் பொதுக்குழுவில் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை வாயைத் திறக்கும்.

அவருக்கும் விளையாட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. வாழ்நாளில் அவர் பந்தைத் தொட்டது, அது தெருவிலிருந்து உருண்டு கடைக்குள் வந்தபோதுதான். மகள் ஏழு வயதில் மன்றத்தில் சேர்ந்தாள். பிள்ளை ஆட வேண்டுமானால் பெற்றவர் உறுப்பினராக வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் இவரும் சேர்ந்தார். சேர்ந்த அன்றே விதிமுறைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்ப் படித்துவிட்டார். மன்றத்தின் முப்பது வருடச் சரித்திரத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்த முதல் ஆள் அவர்தான். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏழரை வருகிறது என்று.

பதினான்காம் விதி சொல்கிறது: அணித் தேர்வில் ஒவ்வொருவரும் எடுத்த மதிப்பெண்ணை மூன்று நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எங்கள் செயலாளர் விதியை மீறாத உத்தமர். பதினாறு வருடமாகத் தவறாமல் ஒட்டினார். என்ன, பலகை அவருடைய அறைக்குள் மாட்டியிருந்தது. மழையில் நனைகிறது என்று ஒரு வருடம் உள்ளே எடுத்து வைத்தார். மழை நின்றது, பலகை உள்ளேயே நின்றுவிட்டது. அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, சாவி அவர் இடுப்பில்.

பொதுக்குழுவில் அரையங்குலம் எழுந்து நிற்பார்.

"சார், மார்க்கைப் பாக்கணும்."

"போர்டுல ஒட்டியாச்சே."

"போர்டு எங்க சார்?"

"ஆபீஸ் ரூம்ல."

"ரூம் பூட்டியிருக்கே?"

"ரூமைப் பூட்டக் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு? நீங்கதான் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவராச்சே, காட்டுங்க பாப்போம்."

கூட்டம் சிரிக்கும். அவர் உட்கார்ந்துவிடுவார். பதினோரு வருடம் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு. எங்கள் தலைவர் வெளிநாட்டில் இருப்பவர். கூட்டத்துக்கு அவருடைய நாற்காலி மட்டும் வரும். துணைத்தலைவன் என்ற முறையில் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். ஆடுகளத்துக்குச் சிமெண்டு கொடுத்தவன், எனக்கு ஏன் ஊர் வம்பு என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த வருடம் கதை வேறு. மகளுக்குப் பதினெட்டு முடிய ஒரு மாதம்தான் பாக்கி. இளையோர் அணியில் பன்னிரண்டு பேர். வெளியூர்ப் போட்டிக்குப் போக அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. நான்கு வருடமாகத் தேர்வில் ஆடுகிறாள், நான்கு வருடமும் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பது பலகைக்கும் பூட்டுக்கும்தான் தெரியும். விடிவதற்கு முன் எழுந்து என் கட்டடத்துப் பக்கச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பாள். தூக்கம் போகிறதே என்று முதலில் திட்டினேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் இருநூறு வரை போவாள்.

இனி வருவது என் மூளையில் உதித்த விஷயம். போன வருடம் வேறொரு மன்றத்துப் பிள்ளைகள் முதுகில் பெயர் போட்ட ஜெர்சியோடு வந்ததைப் பார்த்தேன். நம் பிள்ளைகள் மட்டும் வெறும் எண்ணோடு, ஜெயிலிலிருந்து வந்தவர்கள் மாதிரி நிற்பதா? பெயர் போட வேண்டும் என்று சொன்னேன். செயலாளர் துள்ளிக் குதித்து ஒத்துக்கொண்டார். அவருடைய தங்கை மகளும் ஆடுகிறாள். வீட்டுப் பிள்ளை பெயர் முதுகில் மின்னுமே!

அதுவரை எண் மட்டும் என்பதால் தேர்வுக்கு முன்பே பன்னிரண்டு ஜெர்சி தைத்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம். தேர்வு முடிந்த ஆறாம் நாள் வண்டி கிளம்பிவிடும், தைக்க நேரம் இருக்காது. பழக்கதோஷம்! இந்த முறையும் தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்றால், அதற்கு முந்தைய வியாழக்கிழமையே செயலாளர் தம் கைப்பட ஒரு சீட்டு எழுதித் தையல் கடைக்கு அனுப்பினார். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு அளவு, கீழே கையெழுத்து, தேதி. அனுப்பியது யாருக்கு? அரையங்குலத்துக்கு. செயலாளர் கணக்கில் தையல்காரன் என்றால் ஊசியும் நூலும்தான். அந்த ஊசிக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது அந்தப் பெரிய மூளையில் தங்கவில்லை.

அன்று மாலை கடை சாத்தும் நேரத்தில் அரையங்குலம் மேலே வந்தார். சீட்டை என் மேசையில் வைத்தார்.

"அண்ணே, இதைப் படிங்க."

படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான், ஆனால் இல்லாத பெயரைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை.

"ஞாயித்துக்கிழமைதானேய்யா தேர்வு?"

"ஆமாண்ணே. குழந்தை பிறக்கும் முன்னே பேர் வெச்சிட்டாங்க."

"இப்பவே போய் அந்த ஆளு சட்டையைப் பிடிக்கிறேன், வா."

"வேணாம்ணே. அந்தச் சட்டையும் நான் தைச்சதுதான்." சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இப்போ கேட்டா, உத்தேசமா எழுதினேன், மாத்திக்கலாம்பார். மாத்தவும் செய்வார். அவ ஆடட்டும். அவகிட்ட மூச்சு விடாதீங்க. உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியும்."

என் வாயைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரே வாடகைக்காரர் அவர்தான். பொறுத்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் மனைவி அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது மாடிவரை கேட்டது.

"பெத்த பொண்ணு பேர் இல்லாத துணியை நீங்களே தைப்பீங்களா? கை வருமா உங்களுக்கு?"

"ஒத்துக்கிட்ட வேலைடி."

"ஒத்துக்கிட்டாராம்! ஒரு ஊசியை அந்தக் காலர்லயே விட்டுத் தைங்க, குத்தட்டும்."

"பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? அந்த எஸ் எழுத்து கோணாம பிடி."

ஞாயிற்றுக்கிழமை மகள் ஆடினாள். மூன்று தேர்வாளர்கள் மரத்தடியில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் பேசினார், ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டார், மூன்றாமவர் தூங்கினார். எதற்கு விழிக்க வேண்டும்? முடிவுதான் தையல் மிஷினில் ஏறிவிட்டதே. அரையங்குலம் வேலிக்கு வெளியே நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்ததைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள். எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. கடையில் வேலையிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மாலை பொதுக்குழு. செயலாளர் எழுந்து, நடுநிலை, நேர்மை, நெருப்பு என்று நீட்டி முழக்கிப் பன்னிரண்டு பெயரை வாசித்தார். "கேள்வி இருக்கா?" என்றார், அரையங்குலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாரானது.

அரையங்குலம் எழுந்தார். "இல்ல சார். ஜெர்சி ரெடி. கொண்டு வந்திருக்கேன்."

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். பன்னிரண்டு முதுகு, பன்னிரண்டு பெயர். செயலாளர் வாசித்த அதே வரிசை.

"பலே!" என்றார் செயலாளர். "நேத்துத் தேர்வு, இன்னிக்கு ஜெர்சி! என்ன வேகம்யா!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பாட்டே பாடியது.

"வேகம் என்னுது இல்ல சார், உங்களுது. வியாழக்கிழமையே எழுதி அனுப்பிட்டீங்களே." சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க படிங்க. தேதியையும் சேர்த்து."

எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். ஆனால் என் குரல் மூட்டை தூக்கிய குரல், மைக் தேவையில்லை. கூட்டத்தில் ஒரு பல்லும் தெரியவில்லை.

"அது... ஒரு முன்னேற்பாடு," என்றார் செயலாளர்.

"பதினோரு வருஷமா மார்க்கைக் கேக்குறேன் சார். முன்னேற்பாடா அதையாவது போட்டிருக்கீங்களா? ரூமைத் திறங்க."

"சாவி வீட்டுல இருக்கு."

பின் வரிசையிலிருந்து ஒரு தாய் கத்தினாள்: "இடுப்புல தொங்குதே, அது என்ன, தாயத்தா?"

திறந்தார்கள். பலகையில் கடைசியாக ஒட்டிய தாள் ஏழு வருடத்துக்கு முந்தியது. அதுவும் தேர்வு மதிப்பெண் இல்லை, செயலாளர் வீட்டு நாய் காணாமல் போன அறிவிப்பு.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? தலைவரின் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். இந்தத் தேர்வு செல்லாது, புதன்கிழமை மறுதேர்வு, மார்க் போட வெளியூர் மன்றத்திலிருந்து ஒரு விளையாட்டு ஆசிரியர், அவர் போக்குவரத்து என் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். செயலாளர் உடல்நிலை காரணமாக அங்கேயே பதவி விலகினார். அரை மணி முன்புவரை கல்லுக்குண்டு மாதிரி இருந்த உடல்நிலை.

புதன்கிழமை பலகையை நான்கு பேர் தூக்கி வந்து வாசற்கதவில் கட்டினோம். ஒவ்வொரு பெண்ணும் ஆடி முடித்ததும் ஆசிரியர் சாக்பீசால் அங்கேயே எழுதினார். நான் சும்மா வரவில்லை. அரையங்குலத்தின் மகள் தேர்வாகிவிட்டாள் என்று தெரு முழுக்க முதல் நாளே சொல்லிவிட்டு, பேச ஒரு பேச்சும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

எல்லோரும் ஆடி முடித்தார்கள். பலகையில் அவள் பதின்மூன்றாவது. பன்னிரண்டாவது ஆளைவிட இரண்டு மார்க் குறைவு. செயலாளரின் தங்கை மகள் பதினான்காவது.

"என்னய்யா இது, இவ்வளவும் பண்ணி!" என்றேன். அரையங்குலம் என்னைப் பார்க்கவில்லை. நாடாவால் அளப்பது போல விரலை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்துக் கூட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் கூட்டினார். "சரியாதான் இருக்குண்ணே," என்றார்.

மகள் வந்து பலகையைப் பார்த்தாள். பிறகு நேரே ஆசிரியரிடம் போனாள்.

"சார், என் ரெண்டு மார்க் எங்க போச்சு?"

"சர்வீஸ் போடும்போது கோட்டை மிதிச்சிட்டம்மா. ரெண்டு தடவை."

"மூணு தடவை சார்," என்றாள் அவள். "நாலாவது சர்வீஸ்லயும் மிதிச்சேன். அதை நீங்க பாக்கல."

ஆசிரியர் சாக்பீசைத் தேடினார்.

பதினோரு வருடம் மார்க்கைக் காட்டு காட்டு என்று மன்றத்தின் உயிரை வாங்கிய மனிதர், பாய்ந்து போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "போதும், வாம்மா. எல்லாத்தையுமா வெளியில சொல்லணும்?"