கட்டிக்காகக் கட்டிய சைக்கிள்

ஓடீல் டொபலாரேவின் இடது பிட்டத்தில் அந்தக் கட்டி வந்தது 1957 மே மாதம், நாட்டுச் சாம்பியன் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. அதைப் பார்த்த ஒரே ஆள் அவன் மனைவி சூல்மா. மற்ற யாருக்கும் பார்க்க உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை.

"புறா முட்டை சைஸ் இருக்கு," என்றாள் அவள், கறுப்புக் களிம்பை விரலில் வழித்தபடி. "போட்டி வர்றதுக்குள்ள கோழி முட்டை ஆயிடும்."

"சீட்ல எப்படி உட்கார்றது?"

"உட்காராதே. நின்னுக்கிட்டே ஓட்டு. ஐம்பது கிலோமீட்டர்தானே."

ஓடீலுக்கு வெஸ்டர்ஹூக் செங்கல் சூளையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஃபிளாண்டர்ஸில் அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டே வகை ஆண்கள்தான் இருந்தார்கள்: சைக்கிள் ஓட்டுகிறவர்கள், கையில் பீரோடு ஓரமாக நின்றுகொண்டு அவர்கள் ஓட்டுவது சரியில்லை என்கிறவர்கள். ஓடீல் முதல் வகை. கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் அவன் சுமார்தான். யாராவது முழங்கையால் இடித்தால் மன்னிப்புக் கேட்பான். ஆனால் ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மோதும் பந்தயத்தில் ஆள் வேறு மாதிரி. முன்னாலும் பின்னாலும் ஆளில்லாத சாலையில் அவன் கால்களுக்குப் பேய் பிடித்துக்கொள்ளும்.

கட்டி வந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை, ஓடீல் மாதா கோவிலுக்குப் போய்வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனாகக் கோவிலுக்குப் போனது அதுவே முதல் தடவை. அந்த அளவுக்கா வலிக்கிறது என்று சூல்மா கொஞ்சம் இளகிப்போனாள். அவன் கோட்டுக்குள்ளிருந்து ஊதா வெல்வெட் மெத்தை ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கும் வரைக்கும்தான் அந்த இளக்கம்.

"இது நோட்டரி பொண்டாட்டி முழங்கால் போடுற மெத்தை," என்றாள் சூல்மா.

"ஆமா. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் போடுறா. மீதி நேரம் சும்மாதானே கிடக்கு."

சூளைப் பட்டறையில் இரண்டு சாயங்காலம் வேலை நடந்தது. ஹேண்டில் பாருக்கு மேலே குழாய் ஒன்றைப் பற்றவைத்து, அதன் உச்சியில் மெத்தையைக் கட்டினான். நெஞ்சை அதில் சாய்த்துப் படுத்துக்கொண்டால் உடம்புப் பாரத்தில் பாதி அங்கே இறங்கிவிடும். சீட்டை எடுத்துவிட்டு, சூளையில் கழித்துப் போட்ட ரப்பர் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, நடுவிலும் இடப்பக்கத்திலும் வெற்றிடம் விட்டுப் பொருத்தினான். கட்டி அந்த வெற்றிடத்தில் சுகமாகத் தொங்கும். முடிந்ததும் சூல்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"சாவு வீட்டுக்கு வந்த ஒட்டகம் மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

போட்டியன்று அவன் கிளம்பும் இடத்துக்கு வந்தபோது ஓரத்து ஆட்கள் பீரைச் சிந்திச் சிந்திச் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. இரண்டாவதாக வந்தவனைவிட ஒரு நிமிடம் நாற்பது நொடி முந்தியிருந்தான். உயரம் குறைந்த பத்திரிகைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எதுக்காக இப்படி ஒரு சைக்கிள், டொபலாரே? என்ன தத்துவம்?"

ஓடீல் சூல்மாவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். தன் பிட்டத்தைப் பற்றி நாடே படிக்கப்போகும் தாளில் எப்படிச் சொல்வது? அவனுக்குக் காது மடல் சிவந்தது.

"காத்து," என்றான்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுநாள் ஒரு பத்திரிகை, காற்றின் ரகசியத்தைக் கண்டுபிடித்த சூளைத் தொழிலாளி என்று எழுதியது. இன்ஜினியர்கள் வெட்கப்பட வேண்டும் என்றது. கத்தோலிக்கப் பத்திரிகைக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஊதா மெத்தைமேல் கைகூப்பிக் கவிழ்ந்திருக்கும் படத்தைப் போட்டு, 'ஜெபிக்கும் சாம்பியன்' என்று தலைப்பு வைத்தது.

அன்று காலை பங்குச் சாமியார் வான்ஹூலே மெத்தையைக் கேட்டு வாங்கிப் போக வந்தார். வீதியில் நுழையும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து சூல்மா பின்வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் வருகிற வழியிலேயே யாரோ அவர் கையில் பத்திரிகையைத் திணித்திருந்தார்கள்.

"மகனே," என்றார் சாமியார், ஓடீலின் தோளைத் தொட்டு. "நீ வியாழக்கிழமை கோவிலுக்கு வந்ததை நான் பார்த்தேன். அப்பவே நினைச்சேன்."

"என்ன சாமி நினைச்சீங்க?" என்று கேட்டாள் சூல்மா.

"இவன்கிட்ட ஏதோ இருக்குன்னு."

"இருந்துச்சு சாமி. கோட்டுக்குள்ள."

சாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. நோட்டரியின் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. தன் மெத்தை சைக்கிளில் எந்த இடத்தில் இருந்தது என்று மூன்று பேரிடம் விசாரித்தாள். நெஞ்சுக்குக் கீழே என்று சாமியார் சத்தியம் செய்த பிறகு, அதை அவளே கொடுத்தனுப்பியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஐந்து வருடத்தில் ஓடீல் மூன்று முறை பட்டம் வென்றான். சைக்கிளும் வருடத்துக்கு ஒன்றாக மாறியது, ஏனென்றால் கட்டியும் இடம் மாறியது. வலப்பக்கம் வந்த வருடம் சீட்டை இடப்பக்கம் சரித்துவைத்தான். வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்புவதற்கான ஏற்பாடு அது என்று ஒரு நிபுணர் அரைப் பக்கம் எழுதினார். இரண்டு பக்கமும் வந்த வருடம் சீட்டே இல்லாமல், தொடைகளைத் தாங்கும் இரண்டு தொங்குபட்டைகள்தான். அந்த வருடம் அவன் படம் பிஸ்கெட் டப்பாவில் வந்தது. சூல்மா கால்வாய்ப் பாலத்தடியில் உருளைக்கிழங்கு பொரித்து விற்கும் கடை வைத்திருந்தாள். அந்த டப்பாவில்தான் உப்பு போட்டுவைத்தாள்.

கடைசியில் சைக்கிள் பந்தயச் சம்மேளனத்து அதிகாரி ஒருவர் அளவுகோலோடு வந்தார். தொங்குபட்டைகளை அளந்தார், மெத்தையை அழுத்திப் பார்த்தார், ஒரு காகிதத்தைப் பிரித்தார்.

"சைக்கிள்னா அதுல உட்காரணும். விதி அதுதான்."

"அதான் ஐயா முடியலை," என்றான் ஓடீல். அவன் வாயிலிருந்து அந்த விஷயத்தில் அதுவரை வந்த ஒரே உண்மை அதுதான். அதிகாரி அதைத் திமிர் என்று எழுதிக்கொண்டார்.

சாதாரண சைக்கிளில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்தான். போட்டிக்குப் போட்டி பாதி தூரத்தில் கண்ணீரோடு இறங்கிவிட்டான். தடை செய்யப்பட்ட மேதை என்று பத்திரிகைகள் உருகின. அவன் சூளைக்கே திரும்பினான். சைக்கிளை விட்ட இரண்டு மாதத்தில் கட்டியும் அவனை விட்டது.

அதோடு கதை முடிந்திருந்தால் சூல்மாவுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் வருடம் ஆக ஆக ஓடீல் தன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் நம்ப ஆரம்பித்துவிட்டான். மதுக்கடையில் கையை நீட்டி, இங்கே காற்று வருகிறது, இங்கே பிரிகிறது என்று பாடம் எடுத்தான். கல்யாண வீட்டில் முயல் குழம்பு ஆறிப்போகும் வரை காற்றைப் பற்றிப் பேசினான். மாமியார் சவ ஊர்வலத்தில் பெட்டியைத் தூக்கியவர்களிடம், குறுகலான பக்கம் பின்னால் இருக்கட்டும் என்று சொன்னான். கட்டியையும் அதற்குக் களிம்பு போட்ட தன் மனைவியின் விரலையும் அவன் நிஜமாகவே மறந்துவிட்டான் என்பது சூல்மாவுக்கு ஒருநாள் புரிந்தது. அன்றைக்கு அவள் கோபத்தில் பொரியலைக் கருக்கிவிட்டாள். என்றாவது ஒருநாள் நாலு பேர் முன்னால் கட்டி விஷயத்தைப் போட்டு உடைக்கிறேன் பார் என்று மனதுக்குள் முப்பது வருடத்துக்கு மேல் கறுவிக்கொண்டே இருந்தாள்.

1998இல் ஊராட்சி அவனுக்குச் சிலை வைக்க முடிவு செய்தது. செய்தியைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து வேர்லே என்ற பெண் ஆராய்ச்சியாளர் வந்தார். ராட்சத விசிறி வைத்துக் காற்றடித்துப் பார்க்கும் கூடம் தங்களிடம் இருக்கிறது, முதல் சைக்கிளையும் ஐயாவையும் அதில் வைத்து அளந்தால் சிலைக்குக் கீழே கணக்கோடு பொறிக்கலாம் என்றார். ஓடீல் அன்றே முடி வெட்டிக்கொண்டான்.

அறுபத்தேழு வயதில் இறுக்கமான கால்சட்டை போட்டு, தொப்பையை ஊதா மெத்தைக்குப் பின்னால் மடித்து, அவன் விசிறி முன்னால் கவிழ்ந்தான். அவன் இளமைக் கால அளவுக்கு ஒரு பொம்மை செய்து அதையும் வைத்துப் பார்த்தார்கள். சூல்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காப்பி குடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாலையில் வேர்லே தாள்களோடு வந்து, கொஞ்ச நேரம் அவற்றையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மெத்தை உங்க நெஞ்சைத் தூக்கிடுது. முழங்கை ரெண்டும் வாத்து றெக்கை மாதிரி வெளியில நிக்குது. சாதாரண சைக்கிளைவிட இதுல காத்து அதிகமா அடிக்குது."

"எவ்வளவு அதிகமா?"

"ஐம்பது கிலோமீட்டருக்கு ரெண்டு நிமிஷம் வீணாப் போயிருக்கும்."

"நல்லாப் பார்த்தீங்களா அம்மா?"

"ஆறு தடவை பார்த்தோம் ஐயா."

ஓடீல் வீட்டுக்குத் திரும்பினான். அன்றும் மறுநாளும் அடுப்பங்கரை நாற்காலியில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மதுக்கடைக்குப் போகவில்லை. சூல்மா எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் இதுதான். ஆனால் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்க்கப் பார்க்க, பழிவாங்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்காக எரிச்சல் பட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் சூப்புத் தட்டை அவன் முன்னால் தட்டென்று வைத்தாள்.

"யோவ், காத்துக்காகவா அந்த சைக்கிளைச் செஞ்சே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன் பின்னாடி புறா முட்டை சைஸ்ல ஒண்ணு இருந்துச்சே, நெனப்பிருக்கா? நான்தானே களிம்பு போட்டேன்? அந்த சைக்கிள் உன்னை வலிக்காம உட்கார விட்டுச்சா? விட்டுச்சு. வேற என்ன வேணும் அதுகிட்ட?"

ஓடீல் வெகு நேரம் யோசித்தான். சூப்பில் ஏடு படிந்தது. அவன் முகத்தில் ஏதோ மெதுவாக ஊர்ந்து வந்து சேர்ந்தது.

"கட்டி," என்றான். "ஆமா... கட்டி." பிறகு விரல் விட்டு எண்ணினான். "ரெண்டு நிமிஷம் எனக்கு நஷ்டம்."

"அதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"அப்படி இருந்தும் நான் ஒண்ணு நாப்பதுல ஜெயிச்சேன். அப்போ நிஜத்துல மூணு நிமிஷம் நாப்பது நொடி முந்தியிருக்கேன் சூல்மா. பிட்டத்துல கட்டியோட."

அவன் எழுந்து நேராக மதுக்கடைக்குப் போனான். அவனைக் காப்பாற்றியதற்காக சூல்மா பிற்பாடு பல தடவை வருத்தப்பட்டாள். காற்றைப் பற்றிப் பேசிய காலத்தில் அவன் இவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

சிலை திறப்பு விழாவில் ஊர்த் தலைவர், காற்று வீசும் திசையைக் கண்ணால் கண்ட மனிதர் என்று மூன்று பக்கம் படித்தார். பிறகு ஓடீலிடம் மைக்கைக் கொடுத்தார். ஓடீல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதையும் மறைக்காமல், எந்தப் பக்கம், என்ன அளவு என்பது வரை சொன்னான். வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஊர்த் தலைவர் தன் மூன்று பக்கத்தையும் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்தார். வேர்லேதான் முதலில் கைதட்டியது.

ஓடீல் அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தான். சவப்பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று அவன் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, தூக்கியவர்களே ஒரு முறை நின்று கலந்து பேசிக்கொண்டார்கள்.

சிலை இன்றும் சதுக்கத்தில் வெண்கலச் சைக்கிள்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. மார்ச் மாதம் பருவம் தொடங்கும் முன் நாலா பக்கத்திலிருந்தும் பந்தயக்காரர்கள் வந்து அதன் இடது பிட்டத்தைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அந்த வருடம் கட்டி வராதாம். வெண்கலம் அந்த ஓர் இடத்தில் மட்டும் பொன்னாக மின்னுகிறது. இப்போதைய சாமியார் அந்தப் பக்கம் வரும்போது செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். சூல்மா கடையைப் பாலத்தடியிலிருந்து சதுக்கத்துக்கே மாற்றிக்கொண்டாள். தடவின கையைக் கழுவாமல் பொரியலை எடுக்கக் கூடாது என்று பலகை எழுதி வைத்திருக்கிறாள். யாரும் கழுவுவதாகத் தெரியவில்லை.